பீத்தோவன் குவார்டெட்: நான்கு குழுக்களில் யாருடைய பதிவை எடுப்பது?

பீத்தோவனின் சிம்ஃபொனிகளை ஒரு சுற்று கேட்டு முடித்தவர்கள் அடுத்து விசாரிப்பது பெரும்பாலும் அவருடைய ஸ்ட்ரிங் குவார்டெட்டுகளைப் பற்றித்தான். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ; நான்கே பேர். மொத்தம் 16 குவார்டெட்டுகள். அவற்றோடு ‘கிரோஸ ஃபூகெ’ (பெரிய ஃபியூக்; ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டு போகும் அமைப்பு) என்று தனியாக ஒன்று. எல்லாம் சேர்த்து எட்டு, ஒன்பது மணி நேர இசை. சரி, கேட்டுவிடலாம் என்று செயலியைத் திறந்தால் ஒரே படைப்புக்குத் திரை நிறையக் குழுக்களின் பெயர்கள் வந்து நிற்கும். எதைத் தட்டுவது என்று தெரியாமல் மூடிவிட்டு வந்தவர்கள் நிறைய.

இந்தக் கட்டுரைக்கு நான்கு குழுக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: புடாபெஸ்ட், அமாடியஸ், எமர்சன், டாகாச். வேறு நல்ல குழுக்கள் இல்லை என்பதல்ல. இத்தாலிய குவார்டெட்டோ இடாலியானோவையும் வியன்னாவின் ஆல்பன் பெர்க் குழுவையும் விட்டதற்கு அவற்றின் ரசிகர்கள் என்னைத் திட்டலாம். இந்த நான்கையும் சேர்த்து வைக்க ஒரு காரணம் இருக்கிறது. நான்குமே 40 ஆண்டு அல்லது அதற்கு மேல் நீடித்தவை. ஆனால் நீடித்த விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்றில் ஆளே மாறவில்லை. ஒன்றில் தொடங்கியவர்களில் ஒருவர்கூடக் கடைசியில் மிஞ்சவில்லை. ஒன்றில் இரண்டு பேர் தலைமை நாற்காலியை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொண்டார்கள். ஒன்றில் புது ஆட்கள் வந்து சேரச் சேரப் பழைய பெயர் தொடர்ந்தது. இந்த வித்தியாசம் வெறும் வரலாற்றுத் தகவல் இல்லை, காதில் கேட்கும் விஷயம். எனவே எந்தப் பதிவை எடுப்பது என்பதற்கு விமர்சகர்களின் நட்சத்திரங்களைவிட இதுவே நல்ல வழிகாட்டி என்பது என் கட்சி.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், யார் கையில் கடிவாளம்? நம் கச்சேரியில் நடுவில் பாடகர், பக்கத்தில் பக்கவாத்தியம் என்று பழகிய காதுக்கு, குவார்டெட்டிலும் முதல் வயலின்தான் நாயகன், மற்ற மூவரும் துணை என்று தோன்றும். சில குழுக்கள் அப்படித்தான் வாசிக்கும். சில குழுக்களில் நால்வரும் சரிசமம். இதைச் சோதிக்க எளிய வழி, ஓபஸ் 59இன் (ஓபஸ் என்பது படைப்பின் வெளியீட்டு எண்; ஒரே எண்ணில் பல குவார்டெட்டுகள் இருக்கலாம்) முதல் குவார்டெட்டின் தொடக்க அரை நிமிடம். அங்கே மெட்டைத் தொடங்குவது செல்லோ. நடுவில் இரண்டு பேர் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகுதான் முதல் வயலின் அதை வாங்கிக்கொள்ளும். வாங்கும்போது பேச்சு தொடர்கிறதா, இல்லை நாயகன் இப்போதுதான் மேடை ஏறினாரா என்று கவனியுங்கள். நான்கு குழுக்களிலும் இதே அரை நிமிடத்தைக் கேட்டால் பாதி முடிவு கிடைத்துவிடும்.

அடுத்தது காலப்பிரமாணம். பீத்தோவன் 1817இல் தன் முதல் 11 குவார்டெட்டுகளுக்கும் மெட்ரனோம் (தாள வேகத்தை அளந்து காட்டும் கருவி) வேகங்களை எண்ணாகவே குறித்து வெளியிட்டார். பல இடங்களில் அவை தலைதெறிக்கும் வேகம். அதை மதிக்கும் குழுவும் உண்டு, ‘இவ்வளவு வேகமா’ என்று ஒதுக்கிவிடும் குழுவும் உண்டு. கடைசிக் காலக் குவார்டெட்டுகளுக்கு அவர் அப்படி எண் எதுவும் தரவில்லை. அங்கே எல்லாம் வாசிப்பவர்களின் பொறுப்பு.

மூன்றாவது, நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறீர்கள். இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பேருந்தில் இயர்போனில் கேட்பவருக்கும் இரவு வீடு அடங்கிய பிறகு ஸ்பீக்கரில் கேட்பவருக்கும் ஒரே பதிவைச் சொல்வது சரியல்ல.

நான்காவது, பீத்தோவனின் எந்தக் காலத்து இசை உங்களை இழுக்கிறது. ஓபஸ் 18இன் ஆறு குவார்டெட்டுகளும் 1801இல் வெளிவந்தவை. ஹைடன், மோட்சார்ட் வீட்டுப் பிள்ளை என்று சொல்லலாம். வியன்னாவில் ரஷ்யத் தூதராக இருந்த ரசுமோவ்ஸ்கிக்காக 1806இல் எழுதிய ஓபஸ் 59இன் மூன்றும், பிறகு வந்த ஓபஸ் 74, 95ம் நடுக்காலம். 1825, 1826இல் எழுதி முடித்த ஓபஸ் 127, 130, 131, 132, 135 கடைசிக் காலம். எல்லாக் காலத்திலும் ஒரே அளவு தேறும் குழு அபூர்வம்.

ஐந்தாவது, இந்தக் குழு உங்களை அடுத்து எங்கே கூட்டிக்கொண்டுபோகும்? பீத்தோவனோடு யாரும் நிற்பதில்லை. பிடித்துப்போன நால்வரின் கையைப் பிடித்துக்கொண்டே ஹைடன், பார்டோக், ஷோஸ்டகோவிச் என்று போவதுதான் வழக்கம்.

விலையைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. சந்தா கட்டியவருக்கு நான்கும் ஒரே விலை. சிடி வாங்குபவருக்கு எல்லாமே ஏழு, எட்டு வட்டுத் தொகுப்புகள்.

| குழு | இருந்த காலம் | பீத்தோவன் முழுத் தொகுப்பு | ஆட்கள் | எங்கே பலம் |
|---|---|---|---|---|
| புடாபெஸ்ட் | 1917–1967 | 1951–52 மோனோ. 1958–61 ஸ்டீரியோ | தொடங்கியவர் எவரும் கடைசியில் இல்லை | கடைசிக் காலம் |
| அமாடியஸ் | 1947–1987 | 1959–63 | கடைசிவரை அதே நால்வர் | ஓபஸ் 18 |
| எமர்சன் | 1976–2023 | 1997 | முதல் வயலின் நாற்காலி மாறி மாறி | ஓபஸ் 59, 95, ஃபியூக் |
| டாகாச் | 1975 முதல் | 2002–05, மூன்று தொகுதிகள் | ஒவ்வொருவராக மாறினர் | நடுக்காலம். பொதுவாக எல்லாம் |

## புடாபெஸ்ட்: ஊர் பெயர் மட்டும் ஹங்கேரி

1917இல் புடாபெஸ்டின் ஆபரா ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர்கள் தொடங்கிய குழு. ஒருவர் பின் ஒருவராக விலகி, 1936க்குள் ஒரு ஹங்கேரியர்கூட மிஞ்சவில்லை. ரொய்ஸ்மன், க்ரொய்ட், ஷ்னைடர் சகோதரர்கள் என்று நால்வருமே ரஷ்யப் பேரரசின் மண்ணில் பிறந்தவர்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றது. 1940 முதல் 1962 வரை வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் சொந்தக் குழுவாக, அந்த நூலகத்துக்குச் சொந்தமான ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களில் வாசித்தார்கள்.

குழுவுக்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. சண்டை வந்தால் ஓட்டு. சமமாகப் பிரிந்தால் பழையபடியே வாசிப்பது. நால்வருக்கும் ஒரே சம்பளம், முதல் வயலினுக்கு ஒரு காசு அதிகம் கிடையாது. ஒத்திகையில் மனைவிமார்களுக்கும் காதலிகளுக்கும் இடமில்லை. கடைசி விதியைப் பற்றி அவர்களுடைய வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்களோ! ஆனால் மற்ற விதிகளின் பலன் பதிவில் கேட்கிறது. ஒருவர் இன்னொருவரை மிஞ்சப் பார்ப்பதே இல்லை. அலங்காரம் குறைவு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டின் இசைப் பகுதி முடிவது ஓபஸ் 130இல் ‘கவட்டீனா’ என்ற மெதுவான பகுதியில். வாசிப்பது இவர்கள்தான். அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. இந்த நால்வருக்கு வாய்த்த நல்ல துணை. அந்த ஒரு பகுதியை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் குழு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

மறைமுகச் செலவு என்ன? ஒரே பெயரில் இரண்டு தொகுப்புகள் இருப்பது. செயலிகளில் எது மோனோ, எது ஸ்டீரியோ என்று தெளிவாகப் போட்டிருப்பதில்லை. ஆண்டைப் பாருங்கள். ஆண்டும் சந்தேகம் என்றால் ஒரு காதின் இயர்போனைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் மோனோ. ஒலி அகன்றிருக்கும் என்று நினைத்துப் பலர் ஸ்டீரியோவை எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். அதற்குள் இவர்களுக்கு வயதாகிவிட்டது. முதல் வயலினில் சுருதி ஆங்காங்கே நழுவுகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது அதை உடனே பிடித்துவிடும், பிடித்தபின் மன்னிக்காது. மோனோ தொகுப்பில் விரல்கள் இன்னும் உறுதி. அதில் இரண்டாம் வயலின் கோரொடெட்ஸ்கி. அலெக்ஸாண்டர் ஷ்னைடர் இடையில் விலகியிருந்த காலம் அது. ஸ்டீரியோ பதிவுக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டார்.

இன்னொரு வசதி, பழைய மோனோ பதிவில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடைவெளி குறைவு. பேருந்து இரைச்சலிலும் எதுவும் மூழ்காது. வழியில் கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வது அதனால்தான். பீத்தோவனுக்கு அப்பால் போக வேண்டுமென்றால், பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கினோடு இவர்கள் வாசித்த ஷூமன், பிராம்ஸ் குவின்டெட்டுகள் இருக்கின்றன.

## அமாடியஸ்: 40 ஆண்டும் அதே நால்வர்

ப்ரைனின், நிஸ்ஸல், ஷிட்லோஃப் மூவரும் வியன்னாவைச் சேர்ந்த யூதர்கள். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபின் பிரிட்டனுக்குத் தப்பி வந்த இளைஞர்கள். வந்த இடத்தில் போர் மூண்டதும், அதே பிரிட்டன் இவர்களை எதிரி நாட்டவர் என்று முகாம்களில் அடைத்தது. அந்த முகாம்களில்தான் அறிமுகம். மார்ட்டின் லவட் என்ற ஆங்கிலேயர் செல்லோவோடு வந்து சேர, 1948 ஜனவரியில் லண்டன் விக்மோர் ஹாலில் அமாடியஸ் என்ற பெயரில் முதல் கச்சேரி. ஷிட்லோஃப் அடிப்படையில் வயலின்காரர். குழுவுக்காக வயோலாவுக்கு மாறியவர். 1987இல் அவர் இறந்ததும் வேறு ஆளைத் தேடவில்லை, கடையைக் கட்டிவிட்டார்கள்.

இப்படி ஒரே நால்வர் வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொகுப்பு நல்ல சாட்சி. நால்வரும் ஒருவரையொருவர் பார்க்காமலே மூச்சு விடுகிறார்கள். ஒலி வெதுவெதுப்பானது, வியன்னாத்தனமானது. கடிவாளம் முதல் வயலின்காரர் ப்ரைனின் கையில், அதில் சந்தேகமே வேண்டாம். விரலை அதிரவைத்து நீட்டும் அவருடைய இனிமை ஓபஸ் 18க்கு அப்படிப் பொருந்துகிறது. அந்த ஆறு குவார்டெட்டுக்கு நான் இவர்களைத்தான் முதலில் சொல்வேன். மேற்கத்திய இசை ‘உலர்ந்தது’ என்று ஒதுங்குபவர்களுக்கும் இவர்களே மருந்து.

ஆனால் அந்த இனிமைக்கும் ஒரு விலை உண்டு. கடைசிக் கால குவார்டெட்டுகளில் பீத்தோவன் இனிமையை வேண்டுமென்றே உடைக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் ப்ரைனின் இனிக்கிறார். ‘கிரோஸ ஃபூகெ’யில் நடுவிலிருக்கும் இரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்று தொடர்வது கஷ்டம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து கேட்டால் எனக்குத் திகட்டுகிறது.

அடுத்து எங்கே? ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட், பிராம்ஸ் என்று ஜெர்மானிய மரபு முழுவதும் இவர்களிடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. பெரிய விதிவிலக்கு பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர். தன் மூன்றாவது குவார்டெட்டை இவர்களுக்காக எழுதினார். 1976 டிசம்பரில் அது அரங்கேறியபோது, அவர் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

## எமர்சன்: தலைவர் யார் என்ற கேள்வியே இல்லை

1976இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்தக் குழுவில் டிரக்கரும் செட்ஸரும் படைப்புக்குப் படைப்பு முதல் வயலின் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அப்போது பெரிய குழுக்களில் இது புதுமை. நேற்று தலைமை தாங்கியவர் இன்று துணை. அதனால் துணைக்குரல் எதுவும் சோம்பியிருக்காது. நான்கு குரலும் கண்ணாடியில் வைத்தது மாதிரி தனித்தனியாகத் தெரியும். டட்டனும் ஃபின்கலும் வயோலா, செல்லோ. 2013இல் ஃபின்கல் விலகி வாட்கின்ஸ் வந்தார். 2023 அக்டோபரில் கடைசிக் கச்சேரி.

பீத்தோவனின் மெட்ரனோம் எண்களுக்குப் பக்கத்தில் போகத் துணிந்தவர்கள் இவர்கள். ஓபஸ் 59இன் மூன்றாவது குவார்டெட் முடியும் அந்த ஓட்டப் பகுதியை இவர்கள் வாசித்துக் கேட்டவருக்கு, மற்ற எல்லாக் குழுவும் நடந்து போவதாகத் தோன்றும். சுருக்கென்று தைக்கும் ஓபஸ் 95, ‘கிரோஸ ஃபூகெ’ இரண்டுக்கும் இவர்களே என் தேர்வு. ஃபியூக் எப்படிக் கட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்பும் இசை மாணவர்கள் வேறு எங்கும் போக வேண்டாம்.

குறை? இறுக்கம். யந்திரம் மாதிரி என்று சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு கடுமையாக நான் சொல்லமாட்டேன். ஆனால் மெதுவான பகுதிகளில் யாராவது ஒருவர் கொஞ்சம் தளர்ந்து உட்காரமாட்டாரா என்று தோன்றியதுண்டு. நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்து கேட்கும் பதிவு இதுவல்ல. செயலியில் கேட்பவருக்கு இன்னொரு நஷ்டம், எந்தக் குவார்டெட்டில் யார் முதல் வயலின் என்ற விவரம் பெரும்பாலும் கிடைக்காது.

நான்கில் மிகப் பெரிய உலகம் எமர்சனுடையது. பார்டோக்கின் ஆறு குவார்டெட்டுகளும் இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை. ஷோஸ்டகோவிச்சின் 15ஐயும் ஆஸ்பென் இசை விழாவில் பார்வையாளர் முன்னால் வாசித்தே பதிவு செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டு இசைக்குப் போவதுதான் உங்கள் குறி என்றால், பீத்தோவனையும் இவர்களிடமே தொடங்குவது புத்திசாலித்தனம்.

## டாகாச்: பாதி பழசு, பாதி புதுசு

1975இல் புடாபெஸ்டின் லிஸ்ட் அகாதமியில் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் தொடங்கியது. பிறகு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். குழுவுக்குப் பெயர் தந்த டாகாச்-நாடி விலகி, 1993இல் டூசின்பெர் என்ற இளம் ஆங்கிலேயர் முதல் வயலினாக வந்தார். வயோலா வாசித்த ஓர்மாய் 1995இல் புற்றுநோயால் இறக்க, ரோஜர் டாப்பிங் என்ற இன்னொரு ஆங்கிலேயர் வந்தார். இரண்டாம் வயலின் ஷ்ரன்ட்ஸும் செல்லோ ஃபெயேரும் தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர்கள். பீத்தோவன் தொகுப்பு இந்த அமைப்பில்தான் பதிவானது. பின்னாளில் வயோலாவும் இரண்டாம் வயலினும் மறுபடி மாறின.

இந்தப் பாதிக்குப் பாதிதான் தொகுப்பின் ரகசியம் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாக ஊறிய பழக்கம் இரண்டு பேரிடம். ‘இதை ஏன் இப்படி வாசிக்கிறோம்’ என்று கேட்கக்கூடிய புதியவர்கள் இரண்டு பேர். அமாடியஸில் கேட்கும் அந்நியோன்யமும் இருக்கிறது, எமர்சனில் கேட்கும் கூர்மையும் இருக்கிறது. ஆனால் எதுவும் முன்கூட்டி முடிவானதாகத் தெரியவில்லை. கோபம் வரும் இடத்தில் கோபம், கிண்டல் வரும் இடத்தில் கிண்டல். நான் சொன்ன அந்த ஓபஸ் 59 சோதனையில் செல்லோவிடமிருந்து வயலின் மெட்டை வாங்குவது இங்கேதான் ஒரே பேச்சாகக் கேட்கிறது. முதல் முறை வருபவர் ஒன்றே ஒன்றுதான் எடுப்பேன் என்றால், இதை எடுங்கள்.

ஓபஸ் 132இன் மூன்றாம் பகுதிக்காகவே இன்னும் இரண்டு வார்த்தை. 1825 வசந்தத்தில் பீத்தோவன் கடும் நோயில் விழுந்து எழுந்தார். குணமானவன் இறைவனுக்குச் சொல்லும் நன்றிப் பாடல் என்று அந்தப் பகுதிக்கு அவரே தலைப்பிட்டார். லிடியன் என்ற பழைய தேவாலய சுர வரிசையில் அமைந்தது. சுரங்களை அடுக்கிப் பார்த்தால் நம் கல்யாணிதான்: பிரதி மத்தியமம் உட்பட ஏழும் அதே. ஆனால் அதில் கல்யாணியைத் தேடாதீர்கள். கமகம் கிடையாது, ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கும். டாகாச் அங்கே விரல் அதிர்வைக் குறைத்துக்கொண்டு வில்லை மட்டுமே நம்பி வாசிக்கிறார்கள். அமாடியஸில் அதே இடம் வேறு படைப்பு மாதிரி இருக்கும்.

இதன் மறைமுகச் செலவு சத்தத்தில் இருக்கிறது. மெல்லிய இடங்கள் மிக மெல்லியவை, பெரிய இடங்கள் மிகப் பெரியவை. மின்விசிறி ஓடும் அறையில் பாதி காணாமல் போகும்; கூட்டிவைத்தால் அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். வழியில் கேட்க லாயக்கில்லை. இன்னொன்று, மூன்று தொகுதிகளாக வந்ததால் நடுக்காலத் தொகுதியை மட்டும் வாங்குபவருக்கு ஓபஸ் 95 கிடைக்காது. அதைக் கடைசிக் காலத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

ஹங்கேரிய வேர் என்பதால் இவர்களிடமிருந்து பார்டோக்குக்குப் போவது இயல்பான வழி. எமர்சனின் பார்டோக்கைவிட இவர்களுடையதில் நாட்டுப்புற வாடை அதிகம்.

## கலந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், சந்தாவில் காசா பணமா. ஓபஸ் 18 அமாடியஸ், நடுக்காலம் டாகாச், ஓபஸ் 95 எமர்சன், ‘கவட்டீனா’வுக்குப் புடாபெஸ்ட் மோனோ என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் முதல் சுற்றிலேயே அப்படிச் செய்யாதீர்கள். ஒரே குழுவோடு முழுவதும் போனால்தான், மாறுவது பீத்தோவனா வாசிப்பவர்களா என்று பிரித்துத் தெரியும்.

இலவசக் கணக்கில் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓபஸ் 131இன் ஏழு பகுதிகளும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியவை. நடுவில் விளம்பரம் வந்தால் அந்த 40 நிமிடமும் வீண். ஒரு பாட்டை அடுத்த பாட்டோடு கலந்துவிடும் அமைப்பையும், வரிசையைக் குலுக்கிப் போடும் பொத்தானையும் அணைத்துவிடுங்கள். இந்த ஒன்றுக்காகவாவது ஒரு மாதச் சந்தா கட்டலாம், இல்லையென்றால் பழைய சிடி தேடலாம்.

## ஓபஸ் 130க்கு எந்த முடிவு?

எந்தக் குழுவை எடுத்தாலும் இந்தக் கேள்வி மிச்சமிருக்கும். ஓபஸ் 130 முதலில் ‘கிரோஸ ஃபூகெ’யில்தான் முடிந்தது. 1826 மார்ச்சில் அப்படித்தான் அரங்கேறியது. நடுவிலிருந்த இரண்டு பகுதிகளை மீண்டும் வாசிக்கச் சொன்ன கூட்டம் ஃபியூகில் திகைத்துப்போனது. பதிப்பாளர் அர்தாரியா தரப்பில் வேறு முடிவு கேட்டார்கள். பீத்தோவன், ஆச்சரியம்தான், சம்மதித்து, அந்த ஆண்டு நவம்பரில் புதிதாக ஒன்று எழுதித் தந்தார். அவர் முழுதாக எழுதி முடித்த கடைசிப் படைப்பு அதுதான். அடுத்த மார்ச்சில் இறந்துவிட்டார்.

புதிய முடிவு இலேசானது, சிரிக்கக்கூடியது. முதல் சில முறை அதோடு கேளுங்கள். முன்னால் வரும் ஐந்து பகுதிகளும் மனதில் பதியட்டும். பதிந்த பிறகு, ‘கவட்டீனா’ முடிந்ததும் ஃபியூக் வரும்படி வரிசையை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு எமர்சனை எடுங்கள், அமாடியஸ் வேண்டாம். ஃபியூக் மட்டுமே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரவு பத்து மணிக்கு மேல் அதைத் தொடங்காமல் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் நல்லது.